மருந்தை வெளியேற்றும் புரதம்

நாஞ்சில் நாட்டின் வீட்டு முற்றங்களிலும் வேலியோரங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்பது நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என ஒதுக்கப்படும் இச்செடி, புற்றுநோய் மருத்துவத்தில் நீங்கா இடம்பெற்றது. இது நீரிழிவைத் தணிக்குமா என ஆராய்ந்த கனடா நாட்டு அறிஞர்கள் நோபிள், பீர் ஆகியோர், இதன் சாறு குருதியின் வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். அவர்கள் இதிலிருந்து பிரித்தெடுத்து, 1958-இல் உலகிற்கு அறிவித்த பொருளே வின்பிளாஸ்டின். செடி நச்சுத்தன்மை உடையதாதலின், இதன் இலையைத் தாமே அரைத்து உண்ணுதல் ஆகாது.

உயிரணு இரண்டாகப் பிரிவதற்கு நுண்குழல்கள் தேவை. அவை டியூபுலின் என்னும் புரதத்தால் ஆனவை. வின்பிளாஸ்டின் அக்குழல்களை உருவாகவிடாமல் தடுக்கிறது. முற்றிய புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் டோசிடாக்செல், உருவான குழல்களைக் கலையவிடாமல் நிறுத்துகிறது. வழி வேறாயினும் விளைவு ஒன்றே: பிரிய இயலாத புற்றணு மடிகிறது.

ஆயினும், தொடக்கத்தில் மருந்துக்குப் பணிந்த நோய் பின்னர்ப் பணிய மறுப்பதுண்டு. இதன் காரணங்களுள் ஒன்று 1976-இல் வெளிப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் காணப்படும் கால்ச்சிசின் என்னும் நஞ்சைத் தாங்கி வாழ்ந்த உயிரணுக்களை ஜூலியானோ, லிங் ஆகியோர் ஆராய்ந்தனர். அவற்றின் மேற்பரப்பில் ஒரு புரதம் மிகுந்திருந்தது. அதற்குப் பி-கிளைக்கோபுரதம் எனப் பெயரிட்டனர். வள்ளத்தில் புகும் நீரை மீனவர் இறைத்துக் கொட்டுவது போல, இப்புரதம் உயிரணுவினுள் நுழையும் மருந்தை வெளியேற்றுகிறது. கால்ச்சிசினை மட்டுமன்றி, வின்பிளாஸ்டின், டோசிடாக்செல் போன்றவற்றையும் அது வெளியேற்றும்.

மரபணுவில் பொதிந்த குறிப்பின்படி உயிரணு புரதத்தை உருவாக்குவதே புரத வெளிப்பாடு. டோசிடாக்செலுக்கு ஆளான புராஸ்டேட் புற்றணுக்களுள், இப்புரதத்தை மிகுதியாக வெளிப்படுத்துபவை பிழைத்துப் பெருகலாம். வெளிப்பாடு குறைந்தவை அழிய, எஞ்சியவற்றின் வழித்தோன்றல்களே கட்டியை நிரப்புகின்றன. எனவே, மருந்து பயனற்றுப் போவது நோயாளியின் குறையுமன்று, மருத்துவரின் பிழையுமன்று.

காரணம் தெரிந்தால் மாற்றும் தேடலாம். இப்புரதத்தின் பிடியில் எளிதில் சிக்காத கேபசிடாக்செல் என்னும் மருந்து, டோசிடாக்செலுக்குப் பின்னும் வளரும் புராஸ்டேட் புற்றுநோய்க்காக 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயை முற்றும் நீக்குவதில்லை. எனினும் பலரின் வாழ்நாளை நீட்டிக்கிறது. முதல் மருந்து தோற்ற இடத்தில் மருத்துவம் முடிந்துவிடுவதில்லை. அது ஏன் தோற்றது என்னும் வினாவிலிருந்தே அடுத்த மருந்து பிறக்கிறது.