உஷார்! ஆசீர்வாதத்துக்கு விலை பேசுகிறார்கள்!

அம்மாமாரே, அக்காமாரே! பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வருத்தக்காரரோடு வீட்டில் தனியே இருக்கிறவர்களே! தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். உங்கள் நகைப்பெட்டிக்கும் குளிசைப் பெட்டிக்கும் ஆபத்து வருகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் விசுவாசத்துக்கு!

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு அக்கா இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் மெழுகுதிரி கொளுத்துகிறவர். கணவருக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். தெரிந்த ஒருவர் மூலம் வட்ஸ்அப்பில் ஒரு ‘ஊழியக்காரர்’ அறிமுகமானார். குரலில் அப்படி ஒரு அன்பு.

“அக்கா, உங்கட வீட்டில ஒரு சாபம் நிக்குது. விதைக் காணிக்கை போடுங்கோ. நூறு மடங்காத் திரும்பி வரும்.”

முதலில் ஐயாயிரம். பிறகு இருபத்தையாயிரம். கடைசியில் தாலிக்கொடி செட்டியார் தெருவுக்கு அடகுக்குப் போனது. பதிலுக்குச் சின்னப் போத்தலில் எண்ணெய் வந்தது. திறந்தால் சமையலறை நல்லெண்ணெய் மணம். கூடவே ஒரு கட்டளையும் வந்தது: “மருந்தை நிப்பாட்டினாத்தான் விசுவாசம்.” இன்சுலினை நிறுத்தினார்கள். கணவரின் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது.

அழுதுகொண்டு போன் எடுத்தவருக்குக் கிடைத்த பதில்: “உங்கட விசுவாசம் காணாது அக்கா.” அதோடு இலக்கத்தை பிளாக் பண்ணிவிட்டார்.

காசைத் திரும்ப உழைக்கலாம். அந்தச் சொல் உள்ளே போய் இருந்துவிட்டது. “ஆண்டவருக்கு எங்களைப் பிடிக்கேல்லை” என்று அக்கா கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

கவனம்! கஷ்டம் வந்தால் ஆசீர்வாதம் இல்லை என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்!

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை. இதே கொச்சிக்கடைக் கோவிலில் பூசைக்கு நின்ற சனத்துக்கு நடுவில் குண்டு வெடித்தது. அன்று நாடெங்கும் 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்கும் விசுவாசம் காணாதா? அந்த வாசலில் நின்று அப்படிச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? அன்று உயிர்விட்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை வத்திக்கான் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்த்ததாக 2025இல் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தார்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சிமியோன் மரியாளையும் யோசேப்பையும் ஆசீர்வதிக்கிறார். அந்த வாய் மூட முன்னமே, உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று மரியாளிடம் சொல்கிறார். ஆசீரும் வாளும் ஒரே தாய்க்கு, ஒரே நேரத்தில்! ஆசீர் என்பது துன்பமே வராது என்ற உத்தரவாதம் இல்லை. துன்பத்திலும் ஆண்டவர் கைவிடமாட்டார் என்பதுதான் ஆசீர்.

கொச்சிக்கடைக் கோவில் எழுந்ததும் இப்படித் துன்பத்துக்கு நடுவில்தான். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் ஒளிந்து ஒளிந்து சனத்துக்குப் பூசை வைத்தார் என்பது கோவில் மரபு. அவர் எழுப்பியது ஒரு மண் கோவில்.

ஆசீருக்கு விலை பேசுகிறவர்களிடம் இந்த அடையாளங்களைக் கண்டால் உடனே விலகுங்கள்:

1. “சாபம்” என்று பயமுறுத்துவார்கள். பிறவிக் குருடனைக் காட்டி ‘யார் செய்த பாவம்’ என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு யாரிலும் பழி போடவில்லை.
2. தொகை சொல்லிக் கேட்பார்கள். மனம் விரும்பிப் போடுவதுதான் காணிக்கை. தொகை பேசினால் அது வியாபாரம். ஏழை என்பதற்காக யாருக்கும் அருளடையாளங்கள் கிடைக்காமல் போகக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 848. காசு கொடுத்து வரம் கேட்ட மந்திரவாதி சீமோனைப் பேதுரு எப்படிக் கண்டித்தார் என்று திருத்தூதர் பணி எட்டாம் அதிகாரத்தில் பாருங்கள்.
3. மருந்தை நிறுத்தச் சொல்வார்கள். ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்! நோயாளி மயங்கினால் உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள்.
4. “பிள்ளைகளிட்ட சொல்லாதேங்கோ” என்பார்கள். அன்றைக்கே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.
5. பலிக்காவிட்டால் பழியை உங்கள் தலையில் போடுவார்கள்.

சந்தேகம் வந்தால் பங்குத் தந்தையிடம், போதகரிடம் நேரில் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஏமாந்தது உங்கள் குற்றமில்லை. குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்து பொலிஸில் கொடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த அக்காவை நான்தான் கையைப் பிடித்து அந்தோனியாரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாதர் தலையில் கைவைத்து ஆசீர் கொடுத்தார். அக்கா பழக்கதோஷத்தில் பேர்ஸைத் திறந்து, “எவ்வளவு பாதர்?” என்று கேட்டார்.

பாதர் பேர்ஸை மூடி, அவருடைய கையிலேயே வைத்துவிட்டார்.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்படி ஒரு கேள்வி கேட்கும் நிலைக்கு வர விடாதீர்கள். இன்றிரவே அவருடைய போனைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்.