மீண்டும் குவிந்த கரங்கள்

ஜனவரித் திங்களின் இறுதி ஞாயிறு உலகத் தொழுநோய் நாள். நம் நாட்டில் காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30ஆம் நாள் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. அந்நாளில் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் பேசுகிறோம். நோய் தீர்ந்த பின்னரும் மடங்கியே நிற்கும் கைகளைப் பற்றியும், அவற்றை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தைப் பற்றியும் நம் குடும்பங்கள் அறிந்துகொள்வது நலம்.

தென்காசி, கடையம், ஆலங்குளம் வட்டாரங்களில் எத்தனையோ வீடுகளில் பீடித் தொழிலால்தான் அடுப்பெரிகிறது. இலையை வெட்டி, தூளை இட்டுச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலால் கட்டும் இவ்வேலை முழுவதும் விரல்நுனிகளின் வேலை. இத்தகைய ஒரு தாயின் சிறுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்குமாயின் முதலில் பிழைப்புப் போகிறது. அடுத்துச் சோற்றைப் பிசைந்து உண்பது கடினமாகிறது. கோவிலில் கைகூப்பி நிற்கவும் இயலாமற் போகிறது. மடங்கிய விரல்கள் ஒன்றோடொன்று பொருந்தா அல்லவா?

கை மடங்குவது ஏன்?

தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டு கண்டறிந்தார். இக்கிருமி தோலையும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் பின்புறம் தோலுக்கு அருகே ஓடும் நரம்பு கெடும்போது, உள்ளங்கையிலுள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன. விரல்கள் பருந்தின் நகம்போல் வளைகின்றன. உணர்ச்சி அற்றுப்போவதால் சுடுசட்டியைத் தொட்டாலும் வலிப்பதில்லை. புண்கள் பெருகி விரல்கள் குறைகின்றன.

இக்கைகள் அழுகிப்போனவை, கத்தி பட்டால் ஆறாதவை என்றே பலகாலம் மருத்துவ உலகம் எண்ணியிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றியவர் டாக்டர் பால் பிராண்ட். சீர்திருத்த சபை மறைபோதகரின் மகனாக 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் பயின்று, 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

மறு ஆண்டு அவர் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றார். அங்கே மடங்கிய கையுடைய ஒருவர் அவருடைய கையைப் பற்றினார். அப்பிடியின் வலிமை மருத்துவரைத் திகைக்க வைத்தது. விரல்கள் மடங்கியிருந்தும் முன்கைத் தசைகள் நலமாகவே இருந்தன! கெட்டுப்போன தசையின் வேலையை, நலமாயுள்ள தசை ஒன்றை ஏற்கச் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது.

1948ஆம் ஆண்டு அறுவை சிகிச்சை தொடங்கிற்று. ஒரு விரலை மடக்கும் இரு தசைநாண்களில் ஒன்றை எடுத்து, நான்கு இழைகளாகப் பிரித்து, உள்ளங்கை வழியே செலுத்தி, நான்கு விரல்களின் பக்கவாட்டிலும் தைத்தனர். மூன்று வாரம் மாவுக்கட்டு. அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி. ஏனெனில் முன்பு விரலை மடக்கிய தசை இனி அதை நிமிர்த்தவேண்டும். மூளை புதுப்பாடம் கற்கவேண்டும். தொங்கிய பாதத்தையும் இதே முறையில் தசைநாண் மாற்றி நிமிர்த்தலாம்.

பிச்சைக்கும் ஆகாத கை

முதன்முதல் குணம் பெற்ற இளைஞர் ஒருவர் மகிழ்ச்சியோடு விடைபெற்றுச் சென்றார். சில காலத்தில் இளைத்துத் திரும்பினார். தம் கை பிச்சைக்கு ஆகாத கையாகிவிட்டது என்பதே அவர் முறையீடு! கை திருந்தியதால் இரங்கி இடுவோர் குறைந்தனர். முகத்தில் நோயின் தழும்பு இருந்ததால் வேலையோ வீடோ கொடுப்பார் எவருமில்லை. அறுவை வெற்றி பெற்றது. மனிதர் தெருவில் நின்றார்.

இதனால் 1951ஆம் ஆண்டு வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று எழுந்தது. மண்குடிசைகளில் தங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்தலும் கற்றனர். இரவில் சிலருடைய விரல்கள் குறைவது கண்டு ஆராய்ந்தபோது, உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடிப்பது தெரிந்தது. பூனைகள் வளர்க்கப்பட்டன.

முகத்தையும் சீர்செய்தனர். தட்டையான மூக்கை நிமிர்த்த, மேலுதட்டின் உட்புறம் கீறி, சுருங்கிய உட்புறத்தை விடுவித்து, வேறிடத்துத் தோலை ஒட்டி, எலும்புத் துண்டால் முட்டுக்கொடுத்தனர். உதிர்ந்த புருவத்திற்குத் தலைத்தோலின் ஒரு துண்டை இரத்தக்குழாயோடு நெற்றிக்குக் கொண்டுவந்தனர். அப்புருவம் தலைமயிர்போல் வளரும், அவ்வப்போது கத்தரிக்கவேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் செல்வரின் அழகு ஆசை என்று எண்ணுகிறோம். இங்கோ அது ஒரு மனிதன் தன் ஊருக்குத் திரும்புவதற்கான நுழைவுச் சீட்டு.

அதே மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து கால்கள் செயலிழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நடக்க இயலாதவர் பிறர் கைகளை இயங்கச் செய்தார்! வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறை அவராலேயே உருவாயிற்று.

நாம் அறியவேண்டியவை

குற்றால அருவிநீர் மூலிகை கலந்து வருவதால் தோல்நோய் தீரும் என்பது நம் பகுதியில் வழிவழி வந்த நம்பிக்கை. சாரல் காலத்து நீராடல் இனிமையே. ஆயினும் தொழுநோய்க் கிருமி அருவிநீரால் மாய்வதில்லை. உணர்ச்சியற்ற வெளிர்ந்த அல்லது சிவந்த தேமல் தோன்றின் அரசு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 1981ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதம் உண்ணவேண்டும். உண்ணத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோய் பிறருக்குப் பரவுவது நிற்கிறது. நரம்பு தளர்ந்து ஆறு மாதத்திற்குள் வருவோருக்குப் பெரும்பாலும் மாத்திரையாலேயே வலிமை திரும்பக்கூடும். காலம் கடந்தோருக்கு அறுவை உண்டு. அதுவரை எண்ணெய் தடவி விரல்களை நீவிப் பயிற்சி செய்தால் மூட்டுகள் இறுகா. ஆனால் அறுவையால் உணர்ச்சி திரும்பாது. ஆகவே கைகால்களை நாள்தோறும் உற்றுநோக்குவது வாழ்நாள் கடமை.

குடும்பமே இறுதி மருத்துவர்

தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப் பிரிவுகள், கிறிஸ்தவர்க்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டம் உட்பட, 2019ஆம் ஆண்டுதான் நீக்கப்பட்டன. சட்டம் திருந்திவிட்டது. நம் வீட்டுத் திண்ணை திருந்திற்றா? நோய் தீர்ந்தவருக்குத் தனிக் குவளை வைக்கும் வீடும், அவருடைய மகளைப் பெண் கேட்கத் தயங்கும் குடும்பமும் இன்னும் இருப்பின், வேலூர் இளைஞரைத் தெருவில் நிறுத்தியவர்கள் நாமே.

நம் ஆண்டவர் தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கியதும், அவரைக் குருவிடம் போய்த் தம்மைக் காட்டுமாறு பணித்தார் என்று மாற்கு நற்செய்தி கூறுகிறது. குணமானவரை மீண்டும் சமூகத்தில் சேர்ப்பதை அறிவிப்பவர் அந்நாளில் குருவே. அவர் ஊராரோடு ஒன்றாய் உண்ணவும் வழிபடவும் தொடங்கினால்தான் அச்சுகம் நிறைவுபெறும் என்பதை ஆண்டவர் அறிந்திருந்தார்.

அறுவை மருத்துவர் விரல்களை நிமிர்த்துவார். பயிற்சியாளர் அவற்றை இயக்கக் கற்பிப்பார். நிமிர்ந்த அக்கையில் வேலையை வைப்பதும், பந்தியில் அக்கைக்கு அருகே அமர்ந்து உண்பதும், திருப்பலியில் அமைதியை வாழ்த்தும்போது அதனை நோக்கி நம் கரங்களைக் குவிப்பதும் நம் பங்கு. அதனை இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் செய்வோமாக.