ஆற்றங்கரையில் ரிஸ்பாள்

உடன்குடி வட்டாரத்தில் வற்றாத ஆறு இல்லை. தேரி மணலும் பனையும் கருப்பட்டியும் நமக்குண்டு; நீர் வேண்டுமாயின் தாமிரபரணியையே எதிர்நோக்க வேண்டும். ஆற்றில் வெள்ளம் மிகுந்த ஆண்டுகளில், மருதூர் மேலக்கால் வழியாகச் சடையனேரிக் கால்வாய்க்குள் திருப்பப்படும் நீர், கடைமடையாகிய நம் குளங்களை வந்து சேர்கிறது. அந்த ஆற்றுக்கு நீர் தரும் மலைகளுள் மாஞ்சோலையும் ஒன்று. மணிமுத்தாற்றின் வழியே இறங்கி வரும் மலைநீர் திருநெல்வேலி கொக்கிரகுளத்தைக் கடந்தே கீழே வருகிறது. ஆகவே கொக்கிரகுளத்தில் நடந்ததைத் தொலைவில் நடந்ததென்று சொல்லும் உரிமை கடைமடைச் சபைகளுக்கு இல்லை.

1999ஆம் ஆண்டு ஜூலை 23, வெள்ளிக்கிழமை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டுப் போராடி வந்தனர். அவர்களில் 600க்கும் மேற்பட்டோர் சிறையிலிருந்தனர். அவர்களை விடுவிக்க வேண்டுமென்று மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதற்காக, அரசியல் கட்சிகளின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகச் சென்றனர். ஆட்சியர் அலுவலகத்தை நெருங்கும்போது ஊர்வலம் தடுக்கப்பட்டது. வாக்குவாதம் மூண்டது, கற்கள் பறந்தன, போலீசார் தடியடி நடத்தினர். ஒருபுறம் தடி, மறுபுறம் ஆறு. மக்கள் ஆற்றில் இறங்கினர். நீருக்குள் நின்றவர்களையும் அடித்தார்கள் என்று உயிர்தப்பியோர் சாட்சி கூறினர். அன்று மாண்டவர் 17 பேர். அவர்களில் இருவர் பெண்கள், ஒன்று குழந்தை.

ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன் தலைமையில் அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கையைத் துயருற்றோரும் அவர்கள் பக்கம் நின்ற அமைப்புகளும் ஏற்கவில்லை. அந்நாள் முதல் ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று கட்சிகளும் இயக்கங்களும் ஆற்றுக்கு வந்து மலர் தூவிச் செல்கின்றன. யார் எந்த நேரத்தில் வரவேண்டும் என்று போலீசார் வரையறுப்பதும் அந்நாளின் வழக்கங்களில் ஒன்றாகிவிட்டது.

நாம் அப்போது குருத்துவப் பயிற்சி முடித்து ஊழியத்தில் சேர்ந்த புதிது. தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் 2003இல் பிரியுமுன் நாம் யாவரும் திருநெல்வேலித் திருமண்டலத்தாரே. அந்த வாரத்து ஞாயிறு ஆராதனையில் பொதுமன்றாட்டை நடத்தியவர்கள் நாமே. மழைக்காக மன்றாடினோம், நோயாளிகளுக்காக மன்றாடினோம், நாட்டை ஆளுவோருக்காகவும் மன்றாடினோம். பதினேழு பேரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அஃது அரசியல் கட்சிகளின் காரியம் என்று நமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம். உண்மைக் காரணம் வேறு. மாண்டோர் பெரும்பாலும் எந்தச் சாதியார் என்பது சபைக்குத் தெரியும்; சபையில் இரு திறத்தாரும் உட்கார்ந்திருந்தனர்; கொடியங்குளம் முதலிய நிகழ்ச்சிகளால் தென்மாவட்டங்கள் கொந்தளித்து அடங்காத காலம் அது. வாய் திறந்தால் ஒரு பக்கத்து இருக்கை காலியாகுமென்று அஞ்சினோம். அந்த அச்சத்துக்குச் சபையின் ஒற்றுமை என்று பெயரிட்டோம்.

இக்குற்றத்தை இங்கே அறிக்கையிடுவதற்குக் காரணமுண்டு. ஆண்டுகள் கழிந்தபின் ஒரு சமூகத்தின் காயத்தை ஆற்றச் செல்லும் ஆயர், பெரும்பாலும் வெளியிலிருந்து மருந்து கொண்டுவருபவராகவே தம்மைக் கருதிக்கொள்கிறார். அந்தக் காயத்தில் தம் மௌனத்துக்கும் பங்குண்டு என்பதை அவர் முதலில் உணரவேண்டும்.

இப்பொருளைப் பற்றி எண்ணும்போதெல்லாம் 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்துக்கே திரும்புகிறோம். மூன்று ஆண்டுப் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழி நாட்டின்மேல் இருக்கிறது. அதற்கு ஈடாகச் சவுலின் வழிவந்த எழுவர் ஒப்புக்கொடுக்கப்பட்டு, மலையில் தூக்கிப் போடப்படுகின்றனர். அரசியல் கணக்கு தீர்ந்தது என்று யாவரும் வீடு திரும்பிய பின் ஒரு பெண் மட்டும் திரும்பவில்லை. எழுவரில் இருவருக்குத் தாயாகிய ரிஸ்பாள் கன்பாறைமேல் இரட்டை விரித்து உட்காருகிறாள். பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் உடல்களின் அருகே அண்டவிடவில்லை. அறுப்பின் தொடக்கமுதல் வானத்து மழை அவ்வுடல்கள்மேல் பெய்யும்வரை இருந்தாள் என்கிறது நூல். வாற்கோதுமை அறுப்பு அந்நாட்டில் ஏப்ரல் அளவில் தொடங்கும். மழையோ வழக்கமாக அக்டோபருக்குமுன் வருவதில்லை. எத்தனை நாள் என்பதை வாசிப்பவர் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அவள் ஒரு வார்த்தையும் பேசியதாக எழுதப்படவில்லை. எனினும் செய்தி அரசனுக்கு எட்டுகிறது. தாவீது சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளையும், தூக்கிப் போடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து எடுத்து, மரியாதையுடன் அடக்கம் செய்யக் கட்டளையிடுகிறான். அதன்பின்னரே கடவுள் நாட்டுக்காகச் செய்யப்பட்ட விண்ணப்பத்தைக் கேட்டருளினார் என்று நூலாசிரியர் எழுதுகிறார். இவ்வரிசையைக் கவனியாமல் கடந்துபோகும் பிரசங்கங்களை நாம் மிகுதியாகக் கேட்டிருக்கிறோம்; செய்தும் இருக்கிறோம். எழுவரும் மாண்டவுடன் நாடு குணமடையவில்லை. ஒரு தாயின் துக்கத்தை ஆட்சியாளன் கண்டு, அதற்கேற்ப எழுந்து நடந்தபின்பே குணமடைகிறது.

நம் பிரசங்கங்களோ துக்கத்தைக் கண்டவுடன் மன்னிப்புக்குத் தாவிவிடுகின்றன. மன்னிப்பு நற்செய்தியின் மையம் என்பதில் ஐயமில்லை. ஆனால் மன்னிப்பது அடிபட்டவரின் உரிமை. அதை அவர் சார்பில் பிறர் வழங்குவதற்கில்லை. மேலும் தவற்றை எவரும் ஒப்புக்கொள்ளாதபோது மன்னிக்கச் சொல்வது, யாரை, எதற்காக மன்னிப்பது என்பதையே அவருக்குச் சொல்லாமல் விடுவதாகும். இதற்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று நடந்த ஊர்வலத்தில் பிரிட்டிஷ் இராணுவம் 13 பேரைச் சுட்டுக் கொன்றது. அவ்வாண்டே வெளிவந்த முதல் விசாரணை அறிக்கை படைவீரரைப் பெரும்பாலும் குற்றத்தினின்று விடுவித்தது. குடும்பத்தார் ஆண்டுதோறும் நடந்தனர். 1998இல் அமைக்கப்பட்ட இரண்டாம் விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15 அன்று வெளிவந்தது. மாண்டவர் குற்றமற்றவர் என்பது தெளிவாயிற்று. பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 38 ஆண்டுகள் ‘இன்னுமா இதைப் பேசுகிறீர்கள்?’ என்று கேட்கப்பட்டவர்கள் அக்குடும்பத்தார்.

நம்மிடையே அக்கேள்வி இப்போது வேறு விதமாகவும் கூர்மையடைந்துள்ளது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காடே மாஞ்சோலைத் தோட்டம். குத்தகை 2028இல் முடியவேண்டும். ஆனால் 2024இலேயே தோட்டப் பணி நின்றுபோய், தொழிலாளர் மலையைவிட்டு இறங்கும் நிலை வந்தது. தலைமுறைகளாய் ஒரே குடியிருப்பு வரிசையில் வாழ்ந்தோர் வெவ்வேறு ஊர்களுக்குச் சிதறுகின்றனர். சேர்ந்திருந்தவரை நினைவு தானே கைமாறியது. சிதறியபின் ஒவ்வொரு குடும்பமும் தனியே சுமக்க வேண்டும். அவர்கள் வந்து சேரும் ஊர்களில் நம் சேகரங்கள் இருக்கின்றன. புதிதாக வந்த குடும்பத்தின் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதும் ஆயர், அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்பதோடு எதை இழந்து வந்தனர் என்பதையும் கேட்பாராக. கேட்டபின் அவசரப்பட்டு வேதவசனம் சொல்லவேண்டாம். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாதிருந்தனர். அந்த ஏழு நாளில் அவர்கள்மேல் பிழையொன்றும் இல்லை.

ஜூலை 23ஐ அடுத்துவரும் ஞாயிற்றில் புலம்பல் சங்கீதம் ஒன்றை முழுமையாக வாசித்து, மாண்டோரின் பெயர்களைச் சொல்லி மன்றாடலாம். திருவிருந்தில் ஆண்டவரின் மரணத்தை நினைவுகூரும் சபை, அவருடைய மரணமும் ஆட்சியாளரின் கையால் நேர்ந்தது என்பதை அன்றைக்கேனும் மறவாதிருக்கட்டும். முன்னதாகக் குடும்பத்தாரைத் தேடிச் சென்று, பெயர் வாசிக்கப்பட அவர்களுக்கு விருப்பமா என்று கேட்டறிதல் வேண்டும். வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு, அவர்களை வற்புறுத்தலாகாது. பெயர்களைத் தாளில் எழுதி, உச்சரிப்பை அவர்களிடமே சரிபார்த்துக்கொள்ளவேண்டும். பதினேழு பெயர்களையும் நிறுத்தி நிதானமாக வாசிக்க இரண்டு நிமிடம் ஆகாது. 1999இல் அந்த இரண்டு நிமிடமும் நம்மிடம் இருந்தது.