மாசியும் டாஷியும்

எழுவான்கரையில் பிறந்தவனுக்கு மாசியின் மணத்தை எவரும் அறிமுகஞ் செய்துவைக்க வேண்டியதில்லை. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த களுவாஞ்சிக்குடியில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆயினும், சம்பல் இடிக்கும் உரலில் மாசித்துண்டு ஒன்று விழுந்தாலன்றி எங்கள் வீட்டாருக்கு மனம் நிறையாது. அந்த மணத்தை நான் ஒருநாள் யப்பான் தேசத்திலே, காலையுணவின்போது, மூடியிட்ட அரக்குக் கிண்ணம் ஒன்றைத் திறந்தவேளையில் உணர்ந்தேன். உணர்ந்தும், சொல்ல வேண்டிய ஒருவருக்குச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதனால் நேர்ந்த சங்கடத்தையும், அதன் வழியாக அறிந்த சமையல் நுட்பத்தையுமே இன்று நேயர்களுக்குக் கூற எண்ணுகிறேன்.

யப்பான் 1954ஆம் ஆண்டில் கொழும்புத் திட்டத்திற் சேர்ந்த காலந்தொட்டு, நம் போன்ற நாடுகளின் உத்தியோகத்தர்கள் பயிற்சியின் பொருட்டு அங்கே சென்றுவருகின்றனர். அவ்வழியில், நீர்ப்பாசனம் பற்றி அறிந்துவர எங்கள் மாவட்டத்தினின்றும் மூவர் சென்றோம். மூத்தவர் படுவான்கரையைச் சேர்ந்தவர். பிறந்தது முதல் மச்சம் தொடாதவர். மற்றவர் காத்தான்குடி நண்பர். மார்க்கம் விலக்கியவற்றை அறவே தொடார். நானோ, உண்ணாத பண்டம் இன்னதென்று கூற இயலாதவன். பயிற்சி நிலையத்திலே எவர் எதை உண்பார் என்பதை முன்கூட்டியே கேட்டறிந்திருந்தார்கள். ஆகவே அங்கே தொல்லை எதுவுமில்லை. வாய்க்கால்களையும் மதகுகளையும் நேரிற் காணப் பிவா ஏரிப் பக்கம் புறப்பட்ட பின்னரே தொல்லை தொடங்கிற்று.

முதல் நாள் முழுவதும் மூத்தவர் பாணும் வாழைப்பழமும் உண்டு காலங் கழித்தார். மறுநாட் காலை விடுதியில் வெள்ளைச் சோறும், ஊறவைத்த முள்ளங்கியும், மிசோ என்னும் சாறும் வந்தன. மிசோ என்பது சோயா அவரையைப் புளிக்கவைத்து ஆக்கிய விழுது. சாற்றினுள்ளே சோயாப் பாற்கட்டி சிறுசிறு சதுரங்களாக மிதந்தது. மீன் துண்டு ஒன்றையேனும் காணோம். "நம்முடைய ஆணத்துக்கு இது கிட்டத்தட்ட வரும்" என்று மகிழ்ந்து, அவர் இரண்டு கிண்ணம் பருகினார். எனக்கோ மாசி மணந்தது. பசித்திருந்த மனிதர் முகமலர்ந்து உண்ணும்போது எப்படித் தடுப்பது என்று எண்ணினேன். என் மூக்கு என்னை ஏமாற்றுகிறதோ என்றும் ஒரு சமாதானம் தேடிக்கொண்டேன்.

மூக்கு ஏமாற்றவில்லை. யப்பானியச் சமையலின் அடிப்படை டாஷி என்னும் தெளிந்த சாறு. நமக்குத் தேங்காய்ப்பால் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. சாறு, கீரை, அவித்த கிழங்கு, தொட்டுக்கொள்ளும் குழம்பு யாவற்றிலும் அது கண்ணுக்குத் தெரியாமற் கலந்திருக்கும். அதனை ஆக்கும் பொருள்களில் தலையாயது கட்சுவோபுஷி. கட்சுவோ என்பது நமது சூரை மீனே. அதனை முள் நீக்கி அவித்து, விறகுப் புகையில் மீண்டும் மீண்டும் காயவைப்பர். உயர்ந்த வகையாயின், ஒருவகைப் பூஞ்சணத்தை அதன்மேற் படரவிட்டு, வெயிலில் உலர்த்திப் பல மாதங்கள் வைத்திருப்பர். ஈற்றில் அது விறகுக்கட்டை போல் இறுகிவிடும். தச்சரின் சீவுளியைக் கவிழ்த்துப் பெட்டியிற் பொருத்தியது போன்ற கருவியிலே அதனைத் தேய்த்து, மெல்லிய சுருள்களாகச் சீவி வெந்நீரில் இடுவார்கள்.

மாலைதீவார் மாசி செய்யும் முறையை அறிந்தோர் இதைக் கேட்டு வியப்படைவர். அங்கும் அதே சூரை. அதே அவித்தலும் புகையூட்டலும் உலர்த்தலும். பூஞ்சணம் மட்டுமே இல்லை. மாலைதீவு மொழியில் மாஸ் என்றால் மீன். 1343இல் அத்தீவுகளை அடைந்து அங்கே நீதிபதியாக இருந்த இப்னு பதூதா, இவ்வாறு பதஞ்செய்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதை எழுதிவைத்துள்ளார். யப்பானியர் சீவுகிறார்கள், நாம் இடிக்கிறோம்.

காத்தான்குடி நண்பரைப் பற்றிக் கூற மறந்தேன். அவர் எந்த மேசையில் அமர்ந்தாலும் முதலிற் கேள்வி, பிறகே உணவு. யப்பானியர் பல பதார்த்தங்களில் மிரின் என்னும் இனிப்பு மதுவைச் சேர்ப்பதுண்டு. அரிசி மதுவும் சமையலிற் பயிலும். அவர் அவற்றையெல்லாம் விசாரித்து விலக்கி, உப்பிட்டுச் சுட்ட மீனும் சோறுமாக உண்டு நலமாயிருந்தார். எங்களிருவருக்கும் இருந்த கூச்சம் அவருக்கு இல்லை.

நான்காம் நாள் கியோட்டோ நகரிலே பிவா ஏரிக் கால்வாயைப் பார்த்தோம். ஏரிநீரை மலைகளைக் குடைந்து நகருக்குக் கொணரும் அவ்வாய்க்கால் 1890இல் நிறைவெய்தியது. தனாபே சாகுரோ என்னும் இளம் பொறியியலாளர் அதனை அமைத்தார். நான்சென்ஜி என்னும் பௌத்த ஆலய வளவினூடாக, செங்கல் வளைவுகளின்மேல் அந்நீர் இன்றும் ஓடுகிறது. அவ்வாலயச் சுற்றாடல் யுதோபு என்னும் உணவுக்குப் பேர்பெற்றது. பாற்கட்டியை நீரிற் கொதிக்கவைத்துச் சுடச்சுடத் தரும் எளிய உணவு அது. நீரினடியிலே கரும்பச்சையாக ஒரு பட்டை கிடந்தது. அதன் பெயர் கொம்பு என்றார்கள். மாட்டுக் கொம்பன்று, கடற்பாசி.

மொழிபெயர்க்க வந்த அம்மையார் எவ்வித வஞ்சகமுமின்றி விளக்கினார்: "இந்தப் பானையில் மீன் இல்லை. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மட்டும் கட்சுவோ உண்டு. நீங்கள் காலைதோறும் விரும்பிப் பருகும் சாற்றிலும் அதுதான்."

மூத்தவர் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, உமக்கு மணம் தெரிந்திருக்குமே?"

தெரிந்தது என்றேன்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாம். பாணைத் தின்றிருப்பேன்."

வேறொன்றும் அவர் கூறவில்லை. சாற்றை விலக்கி, சோயா நீரும் துருவிய இஞ்சியும் கேட்டுப் பெற்று, பாற்கட்டியை உண்டு முடித்தார். மீனும் மீன்சாறும் ஆகா என்று அம்மையார் தம் மொழியில் எழுதிக் கொடுத்த சீட்டு, அன்று முதல் அவரது சட்டைப்பையில் இருந்தது. காத்தான்குடி நண்பரும் தமக்கொன்று எழுதுவித்துக்கொண்டார்.

அந்தக் கடற்பாசி பற்றிச் சிறிது கூறவேண்டும். கியோட்டோவிற் பிறந்த இகேடா கிகுனாயே என்னும் இரசாயனப் பேராசிரியர், 1908இல் கொம்பின் சுவைக்குக் காரணமான குளூட்டமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். மறு ஆண்டு விற்பனைக்கு வந்ததே நம் கடைகளிலும் காணும் அஜினமோட்டோ. 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, சூரையின் சுவைப்பொருள் இனோசினிக் அமிலத்தோடு தொடர்புடையதெனக் கண்டார். உலர்ந்த காளானில் இதற்கு ஒப்பான இன்னொன்று உண்டென்பது பின்னர் தெரியவந்தது. கொம்போடு சூரையேனும் காளானேனும் சேர்ந்தால், சுவை கூட்டுத்தொகையைக் கடந்து பெருகும். ஆகவே, கொம்பையும் காளானையும் கொண்டே சாறு வைக்கும் யப்பானியத் துறவிகள் சுவையில் எதையும் இழக்கவில்லை. நம் முன்னோர் வகுத்த அறுசுவையில் இதனை எதனுள் அடக்குவதென்று நான் பலமுறை எண்ணியதுண்டு, எதனுள்ளும் அடங்கவில்லை.

ஊர் திரும்புகையில் மூத்தவரின் பெட்டியிற் கொம்பும் காளானுமாக ஒரு பொதி இருந்தது. இன்றும் அவர் எப்போதாவது, யப்பானின் உதவியோடு கட்டி 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வருவார். வாசலில் நின்றே, "தம்பி, சம்பலில் மாசி உண்டா?" என்று கேட்பார். அவருக்கென ஒரு சிற்றுரலை என் மனைவி வேறாக வைத்திருக்கிறாள்.