பி.டி.எஃப். ஏட்டில் படம் சேர்க்குமுன்

பாட்டனார், பாட்டியாரின் திருமணப் படம் பல இல்லங்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதனை ஸ்கேன் செய்து, குடும்ப வரலாற்றைக் கூறும் பி.டி.எஃப். ஏட்டில் சேர்க்க விழைகிறோம். நல்ல முயற்சியே, ஆயினும் கவனம் வேண்டும்.

1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப்., எந்தக் கணினியிலும் பக்கம் குலையாது தோன்றுவதற்கென்றே அமைந்தது. 2008-இல் அது அனைத்துலகத் தரமாகவும் ஏற்கப்பெற்றது. குலையாமையே அதன் சிறப்பு. ஆதலின், முடிந்துபோன ஏட்டில் படத்தைச் செருகினால் எழுத்துகள் விலகி இடந்தருவதில்லை. படம் அவற்றின்மேல் அமர்ந்து மறைத்துவிடும். எனவே, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற மென்பொருளில், மூலக் கோப்பிலேயே படத்தைப் பொருத்தி, பின்னர் பி.டி.எஃப். ஆக்குவதே முறையாகும்.

அச்சில் தெளிவு வேண்டுமாயின் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் இருத்தல் நலம். அதாவது, 4 அங்குல அகலமுள்ள படத்திற்கு அகலவாக்கில் 1,200 புள்ளிகள். கோப்பின் அளவைச் சுருக்கும் ஆவலில் இவற்றை மிகக் குறைத்தால் பாட்டியாரின் முகம் மங்கிவிடும். இழந்த புள்ளிகள் அந்த ஏட்டில் மீளா.

ஆகவே, ஸ்கேன் செய்த மூலப் படத்தைத் தனியே பேணிக் காப்போம். ஏட்டை மறுபடியும் ஆக்கலாம். அம்முகங்களை மறுபடியும் படம்பிடிக்க இயலுமோ?