மூணு வேளையும் சோறு... ஆனாலும் பசி! ஒற்றை நாற்று தந்த மடகாஸ்கரில் என்ன பிரச்னை?

திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒற்றை நாற்று நடவைக் கேள்விப்படாத விவசாயி இருக்க மாட்டார். தஞ்சை பெரிய கோயிலின் 1000-வது ஆண்டான 2010-ல் 'ராஜராஜன் 1000' என்று பெயர் வாங்கிய முறை இது. ஆனா பிறந்த இடம் தஞ்சாவூர் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்கத் தீவு நாடான மடகாஸ்கர்!

யார் உருவாக்கியது?

அங்கே விவசாயிகளோடு வேலை செய்த பிரெஞ்சு பாதிரியார் ஆன்ரி தெ லௌலானியே, 1980-களில் உருவாக்கினார். இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர். அவ்வளவுதான்.

அங்கே வாழ்க்கை எப்படி?

நம்மை மாதிரியே மூணு வேளையும் சோறுதான். அடிப்பிடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்துக் குடிப்பாங்க. சமையல் பெரும்பாலும் விறகிலும் கரியிலும். பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மின்சாரமே இல்லை. 2025-ல் மின்வெட்டு, தண்ணீர்த் தட்டுப்பாட்டை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்க, கடைசியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது.

வழி தெரிந்தும் ஏன் பசி?

புயல், வறட்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒற்றை நாற்றுக்கு ஆள் வேலை அதிகம். நடவு நேரத்தில்தான் ஏழை வீடுகளில் அரிசி தீர்ந்திருக்கும். அன்றைய சோத்துக்காக தன் வயலை விட்டுட்டு அடுத்தவர் வயலுக்குக் கூலிக்குப் போகணும். அதனாலேயே பலர் இந்த முறையைத் தொடங்கியும் கைவிட்டார்கள். கூடுதல் விளைச்சல் கிடைக்கும்னு தெரியும். அறுப்பு வரை காத்திருக்கத்தான் அரிசி இல்லை.