முரளியின் முழங்கையும் 15 டிகிரியும்

எங்க கடமலைக்குண்டு பக்கம் பசங்க கிரிக்கெட் ஆடும்போது எவனாவது கையை மடக்கி எறிஞ்சா, "டேய், மாங்கா அடிக்காதடா"ன்னு சத்தம் வரும். பேஸ்பால்ல கையை மடக்கி எறியறதுதான் பிட்சரோட தொழில். கிரிக்கெட்டில் அதுவே குற்றம். இந்தக் குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டே உலக சாதனை படைத்தவர் கண்டியைச் சேர்ந்த முத்தையா முரளிதரன்: 133 டெஸ்ட், 800 விக்கெட்.

பள்ளியில் முதலில் மிதவேகம்தான் போட்டார். பயிற்சியாளர் சொல்லி, பதினாலு வயசு வாக்கில் ஆஃப் ஸ்பின்னுக்கு மாறினார். 1992-ல் டெஸ்ட் அறிமுகம். 1995 டிசம்பர் 26, மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களில் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ராஸ் எமர்சனும் கொடுத்தார். முரளி லெக் பிரேக்குக்கு மாறியும் விடவில்லை. லெக் பிரேக்கை எறிந்து போடுவது ஏறக்குறைய முடியாத காரியம். அந்த நோ-பாலுக்கு எனக்கு இன்னிக்கும் நியாயம் தெரியலை.

இங்கேதான் விதியைச் சரியா புரிஞ்சுக்கணும். முழங்கை மடங்கி இருப்பது தப்பில்லை. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை, மடங்கின முழங்கை *நீளக்கூடாது*. முரளியின் முழங்கை பிறவியிலேயே முழுசா நிமிராது. தோளும் மணிக்கட்டும் அசாதாரணமாச் சுழலும். இதெல்லாம் சேர்ந்து, ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் கை 'நீள்வது' மாதிரி தெரிகிறது. முப்பரிமாணத்தில் சுழலும் ஒன்றை இருபரிமாணப் படத்தில் பார்த்தால் கோணம் ஏமாற்றும். கிராஃபிக்ஸ் புரோகிராம் எழுதினவங்களுக்கு இது உடனே புரியும்.

1996-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் பல கேமராக்கள் வைத்து அளந்து, எறியவில்லை என்றார்கள். 2004-ல் 'தூஸ்ரா' பந்து மேல் மறுபடி புகார். அளந்தபோது 14 டிகிரி நீட்சி. திருத்தப் பயிற்சிக்குப் பிறகு சுமார் 10. அப்போது சுழற்பந்துக்கு அனுமதி 5 டிகிரிதான், வேகப்பந்துக்கு 10. மற்றவர்களையும் அளந்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது: சுத்தமான ஆக்‌ஷன் என்று பேர் வாங்கினவங்க உட்பட ஏறக்குறைய எல்லார் கையும் நீளுது! 2005-ல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று ஐ.சி.சி. மாற்றியது. 'முரளிக்காகவே விதியை வளைச்சாங்க'ன்னு இன்னும் சொல்றவங்க உண்டு. பழைய விதிப்படி பார்த்தா அவர் மட்டுமில்ல, பலர் வீட்டுக்குப் போயிருக்கணும்.

அந்த 2004-லேயே முழங்கை அசையாதபடி உலோகக் கம்பி வைத்த கவசத்தை மாட்டி, டிவி கேமரா முன்னால் ஆஃப் பிரேக், தூஸ்ரா எல்லாம் வீசிக் காட்டினார். உச்சத்தில் இருந்த ஒரு பந்துவீச்சாளர் இப்படித் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது.

அலுக்காமல் வீசிக்கொண்டே இருந்தார். டெஸ்டில் மட்டும் 44,039 பந்துகள், அதாவது விக்கெட்டுக்கு 55 பந்து. 2010 ஜூலையில் காலேயில் இந்தியாவுக்கு எதிரா ஆடும் டெஸ்டோடு ஓய்வு என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். கையில் 792 விக்கெட். முதல் இன்னிங்ஸில் ஐந்து கிடைத்தது. இரண்டாவதில் 799-ல் நின்றபோது லட்சுமண் ரன் அவுட் ஆனார். பாக்கி ஒரே ஒரு விக்கெட். இஷாந்தும் ஓஜாவும் மட்டை பிடித்தார்கள். மறுமுனையில் வேறு யாராவது எடுத்துவிட்டால் கதை 799-லேயே முடிந்துவிடும். கடைசியில் ஓஜாவின் மட்டையில் பட்ட பந்தை ஸ்லிப்பில் மஹேல ஜயவர்தன பிடித்தார்.